ரெண்டு நாள் விடுதலை

தடாரென்று ஒரு சத்தம். தொடர்ந்து தகரப் பேசின் ஒன்று சிமெண்டுத் தரையில் உருண்டு உருண்டு அடங்கும் ஓசை. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

குணபூஷணி தையல் மிஷினிலிருந்து எழுந்தது அதனால்தான். அவள் கடைக்கு நேர் எதிரே சேதுராமனின் கருவாட்டுக் கொட்டகை. உள்ளே மூன்று குடும்பங்கள், ஒன்பது பேர், வேலை செய்கிறார்கள். ஒருவர் விழுந்திருக்கிறார், மற்ற எட்டுப் பேரில் ஒருவர் வாயிலிருந்தும் "ஐயோ" என்று ஒரு சொல் வரவில்லை.

கையிலிருந்த கத்தரிக்கோலை வைக்கவும் மறந்து தெருவைத் தாண்டி ஓடினாள்.

உப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் செந்தாமரை கிடந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுப் பெண். சுற்றிலும் ஊறிய மீன்கள் சிதறிக் கிடந்தன. தொட்டால் உடம்பு அனலாகக் கொதித்தது. பாதங்களைப் பார்த்த குணபூஷணி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று விரலிடுக்குகள் வெந்த சோறுபோல வெளுத்துப் பிளந்திருந்தன.

மற்றவர்கள் தலை நிமிராமல் மீனை அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். செந்தாமரையின் புருசனும்தான். அவன் கண் மட்டும் அடிக்கொருதரம் வாசலுக்குப் போய்வந்தது.

வாசலில் சேதுராமன் நின்றிருந்தார். கொட்டகை முதலாளி. ஐம்பது வயது, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். அவருக்குப் பின்னால் டீக்கடையிலிருந்து ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னக்கா, கத்தரிக்கோலோட வந்திருக்கீக? யாரு நாக்க வெட்டப் போறீக?" என்று சிரித்தார்.

குணபூஷணிக்குச் சிரிப்பு வரவில்லை. "தம்பி, இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது. காலைப் பாத்தியளோ? ஒரு ரெண்டு நாள் விடுதலை குடுங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சேதுராமன் முகத்திலிருந்த சிரிப்பைத் துடைத்து எடுத்ததுபோல் ஆயிற்று.

"என்ன கேட்டீக?"

"விடுதலை தம்பி. ரெண்டு நாள்."

"விடுதலையா!" அவர் குரல் பஸ் ஸ்டாப் வரை கேட்டது. "ஏலே, கேட்டீகளாடா? விடுதலையாம்ல! நான் என்ன இங்கன ஜெயிலா நடத்துறேன்? அடிமையா வச்சிருக்கேன்? கஞ்சிக்கில்லாமக் கெடந்ததுகளக் கூட்டியாந்து சோறு போட்டு, கூரை போட்டு வச்சிருக்கேன். முகாம்ல இருந்து வந்து போற ஒங்களுக்கு எங்க ஊரு நாயம் என்னக்கா தெரியும்?"

குணபூஷணி திகைத்துப்போனாள். காய்ச்சல்காரிக்கு ஓய்வு கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

கும்பலிலிருந்து நம்புராஜன் முன்னால் வந்தான். சேதுராமனின் தங்கையைக் கட்டியவன். இரண்டு மீன்பிடி போட்டுக்குச் சொந்தக்காரன். கையில் டீ கிளாஸ் அப்படியே இருந்தது.

"அந்தக்கா கேட்டதுல என்ன மச்சான் தப்பு? எட்டு வருசமா இவுகளுக்கு முன்பணத்தச் சொல்லிச் சொல்லியே கட்டிப் போட்டிருக்க. ஒரு பொங்கலுக்கு ஊருக்கு அனுப்பியிருக்கியா? ஒரு சாவுக்கு?"

"இது என் கொட்டகை. ஒன் போட்டுல ஏறி நான் வலைய எண்ணுனேனா?"

"வலைக்குக் காய்ச்சல் வராது மச்சான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிப்பிவலசை ஊரில் எல்லாம் தொடங்கியது அந்தச் சிரிப்பில்தான் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். குணபூஷணிக்கு மட்டும், தொடங்கியது தன் வாயிலிருந்துதான் என்று உறுதியாகத் தெரியும்.

அதை அவளுக்குச் சொன்னது அவள் மகன் சசிகரன். சேதுராமனின் மினி லாரியை ஓட்டுபவன் அவன். தாயும் மகனும் மண்டபம் அகதி முகாமுக்குத் திரும்பும் சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"அம்மா, என்ன கதை கதைச்சு வச்சிருக்கிறியள்? முதலாளி கொதிச்சுப்போய் நிக்கிறார்."

"காய்ச்சல்காரப் பிள்ளைக்கு விடுதலை கேட்டனான். அதிலென்ன?"

"அதுதானம்மா! இஞ்ச பள்ளிக்கூடத்துக்கு விடுறதுக்குப் பேர் லீவு. விடுதலை எண்டா ஜெயிலில இருந்து விடுறது. கொத்தடிமையில இருந்து விடுறது. அதுக்குக் கவர்மெண்டில சான்றிதழே குடுப்பினம், விடுதலைச் சான்றிதழ் எண்டு."

குணபூஷணி வாயைப் பொத்திக்கொண்டாள். மன்னாரில் அவள் படித்த காலத்தில் கடும் மழை பெய்தால் விடுதலை. மாசி மாதத் திருவிழாவுக்கு விடுதலை. டீச்சருக்குப் பிள்ளை பிறந்தால் அன்றைக்கும் விடுதலை. உடம்பு இந்தக் கரைக்கு வந்து முப்பத்தைந்து வருடமாகிறது. நாக்கு பாதி அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது. முகாமிலேயே பிறந்த சசிகரன் வீட்டில் ஒரு தமிழும் வேலையில் ஒரு தமிழும் பேசுவான். அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நாளைக்குப் போய் விளங்கப்படுத்திச் சொல்லிடுறன்" என்றாள்.

சொல்லத்தான் நினைத்தாள். மறுநாள் காலை கடையின் பூட்டைத் திறக்கும்போது, பின்பக்கத்துக் குழாயடியில் குடத்தோடு செந்தாமரை நின்றாள். காய்ச்சல் இன்னும் விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"அக்கா, நேத்து ஒரு வார்த்தை சொன்னீங்களே. எட்டு வருசத்துல அத நாங்க எங்களுக்குள்ளகூட சொல்லிக்கினது இல்ல. ராத்திரி எங்க வீட்டுக்காரரு அத ஒரு தபா சொல்லிப் பாத்தாரு. மெதுவாத்தான். அப்புறம் அழுதுட்டாரு."

குணபூஷணி வாயைத் திறந்தாள். நான் கேட்டது லீவு, பிள்ளை. அந்த ஒரு வரியைச் சொன்னால் போதும். செந்தாமரை அவள் கையைப் பிடித்துத் தன் கொதிக்கும் கன்னத்தில் ஒரு கணம் வைத்துக்கொண்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். குணபூஷணி அந்த வரியைச் சொல்லாமலே கடையைத் திறந்தாள்.

ஊரில் சொல்லுக்குக் கால் முளைத்திருந்தது. "ரெண்டு நாள்" என்பது டீக்கடையைத் தாண்டவில்லை. "விடுதலை" மட்டும் வீடு வீடாகப் போயிற்று. திங்கட்கிழமை நம்புராஜன் ராமநாதபுரத்துக்குப் போய் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தான். "தையல்கடை அம்மையார் நேரில் கண்டு விடுதலை கோரியபடி" என்று மனுவிலேயே அவளை எழுதியிருந்தான்.

சிப்பிவலசையில் இரண்டே தெருக்கள். மேலத்தெருவில் கொட்டகைகள், கீழத்தெருவில் போட்டுகள். சேதுராமன் மாதிரி வெளியூர்க் குடும்பங்களைக் கொண்டுவந்து அடைத்திருப்பவர்கள் மேலத்தெருவில் ஆறு பேர். மற்ற வீடுகளில் அப்படி யாரும் இல்லை. ஆனாலும் அந்த ஆறு பேரிடம் வேலை, அந்த ஆறு வீட்டில் பெண் கொடுத்த உறவு, நாளைக்கு நாமும் ஒரு கொட்டகை போடுவோம் என்ற ஆசை, இப்படி ஏதோ ஒன்று எல்லாரையும் கட்டியிருந்தது.

கீழத்தெருக்காரர்கள் மட்டும் தருமத்தின் பிள்ளைகளா என்ன? கொட்டகைக்காரர்கள் மீனுக்கு வைக்கும் விலையில் பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல். நம்புராஜனே எட்டு வருடமாக மச்சான் வீட்டில் விருந்து சாப்பிட்டவன்தான். கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நியாயத்தை வாய்விட்டுச் சொன்ன பிறகு அது சொன்னவனைச் சும்மா விடாது. நாலே நாளில் அவன் உண்மையாகவே அதை நம்ப ஆரம்பித்துவிட்டான். ராத்திரித் தூக்கம்கூடப் போய்விட்டது என்று அவன் பெண்டாட்டி சொன்னாள்.

குணபூஷணியின் கடையை ஒட்டி ஹாஜா முகைதீனின் டீக்கடை. இரண்டு தெருவும் சந்திக்கிற முக்கு. முதலில் பெஞ்சு பிரிந்தது. மேலத்தெருவுக்குச் சுவரோரப் பெஞ்சு, கீழத்தெருவுக்கு ரோட்டோரப் பெஞ்சு. பிறகு கிளாஸையும் தனித்தனியாக வைக்கச் சொன்னார்கள்.

"பால் ஒரே மாட்டுதுதான். அதையும் பிரிச்சு வாங்கியாரவா? மாட்டுக்கிட்ட எந்தத் தெருன்னு கேக்கணும், அம்புட்டுத்தான்" என்றார் ஹாஜா. இரண்டு பெஞ்சும் சிரிக்கவில்லை.

மாரியம்மன் கோயில் திடலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். "அடுத்தவன் கொட்டகைக்குள்ள நொழைய நீங்க யாரு?" என்றது மேலத்தெரு. "ஊருக்குள்ள மனுசன அடைச்சு வச்சுக்கிட்டு என்ன தேரு, என்ன திருவிழா?" என்றது கீழத்தெரு. நடுவில் ஒரு பெரிய மனிதர் எழுந்து சமாதானம் சொன்னார்: அந்தக் காய்ச்சல்காரி குடும்பத்தை மட்டும் அனுப்பிவிடுவது, மற்ற இரண்டையும் வைத்துக்கொள்வது.

"பாதி அடிமை பாதி ஆளா? ஒடம்ப எப்பிடிங்க நறுக்குறது?" என்று நம்புராஜன் பாய்ந்தான்.

"ஒண்ண விட்டா ஒம்பதும் போயிரும்" என்றார் சேதுராமன். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னையில இருந்து மேலத்தெரு தனி ஊரு. தனி வரி, தனி ஏலம், தனித் தேரு."

"தேருக்கு நாலு சக்கரந்தான மாமா, ஆளுக்கு ரெண்டா?" என்று ஒருவன் கேட்டான். அவன் கன்னத்தில் விழுந்த அறைதான் அந்தச் சண்டையின் முதல் அடி.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மேலத்தெருவிலிருந்து ஒருவன் மஞ்சள் துணிப் பொதியோடு குணபூஷணியிடம் வந்தான். நாற்பது கொடி வேண்டும், வண்டிக்கும் வீட்டுக்கும் கட்ட. மத்தியானம் கீழத்தெருவிலிருந்து நீலத்துணி வந்தது, போட்டுகளுக்கு.

அந்த இரண்டு பொதிகளையும் அவள் பிரிக்கவில்லை. அந்தக் கரையில், மன்னாரிலேயும் இப்படித்தான். எடுத்த எடுப்பில் யாரும் துப்பாக்கி தூக்கவில்லை. முதலில் இன்னாரின் கடையில் சாமான் வாங்குவது நின்றது. பிறகு பேசிவைத்த கல்யாணங்கள் நின்றன. பிறகு, தூரத்தில் வருகிறவன் நம்மாளா இல்லையா என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டியிருந்தது. அது தெரிந்தபின் சுடுவது சுலபமாகிவிட்டது.

மிஷின் பழுது என்று சொல்லி இரண்டு பொதிகளையும் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏக்கா, காலையில மிஷினு ஓடுன சத்தம் கேட்டுச்சே?" என்றார் ஹாஜா.

"அது என்ர வயித்துச் சத்தம், ஹாஜா நானா."

கொடிகள் ராமநாதபுரத்திலிருந்து தைத்து வந்தன. வியாழக்கிழமை நம்புராஜனின் போட்டு நங்கூரக் கயிறு அறுபட்டுப் பாறையில் மோதி வாய் பிளந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் சேதுராமனின் மீன் காயவைக்கும் இரண்டு பந்தல்கள் கருவாட்டோடு எரிந்தன. அண்ணனிடம் நியாயம் கேட்கப் போன நம்புராஜனின் பெண்டாட்டி நெற்றியில் இரத்தத்தோடு திரும்பினாள். யார் அடித்தது என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை.

திங்கட்கிழமை அதிகாரிகள் விசாரணைக்கு வரப்போவதாகத் தாசில்தார் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள்தான் குணபூஷணி வாழ்க்கையின் மிக நீளமான ஞாயிற்றுக்கிழமை.

மத்தியானம் கடைக்குச் சாப்பிட வந்த சசிகரன் சோற்றைப் பிசைந்தான், வாயில் வைக்கவில்லை.

"நாலு மணிக்கு லோடு இருக்காம்."

"ஞாயிற்றுக்கிழமையில என்ன லோடு?"

"ஆக்கள்" என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டே. "மூண்டு குடும்பமும். தூத்துக்குடிப் பக்கம் எங்கயோ வேற ஒருத்தரிட்டக் குடுக்கினமாம். நாளைக்கு விசாரணைக்கு வாறவை வெறும் கொட்டகையைப் பாத்துட்டுப் போகவேணும்."

அவள் அவன் தட்டைத் தள்ளிவைத்தாள். "ஓட்டாதை. சாவியைக் குடுத்திட்டு வா."

"குடுத்தா? முகாம் போலீசுக்கு ஒரு போன் போடுவார். இவன் கள்ளப் போட்டில ஆள் ஏத்துறான் எண்டு ஒரு வார்த்தை சொன்னாக் காணும். பிறகு நான் எந்த ஜெயிலில கிடப்பன் எண்டு நீங்க தேடித் திரிவியள்."

"நம்புராஜன்ர ஆக்கள் விடுவினமோ?"

"வாய்க்கால் பாலத்தில மறிச்சு நிக்கினம். அம்பது பேர், பொம்பிளையளும் நிக்கினம்." அவன் குரல் உடைந்தது. "என்ன நடந்தாலும் பிரேக்கில கால் வைக்கக் கூடாது எண்டு சொல்லியிருக்கிறார்."

குணபூஷணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஐம்பது பேர் கூட்டத்துக்குள் வண்டி. ஸ்டீயரிங்கில் அவள் பிள்ளை. ஒரு உயிர் போனாலும் கேஸ் முதலாளி பேரில் வராது. அகதி பேரில்தான் வரும். இந்தியாவில் பிறந்து, இந்தியன் ஆகாமல், கடைசியில் இந்தியச் சிறையில் போய்க் கிடப்பான்.

"நீங்கதானம்மா தொடக்கினது" என்றான் சசிகரன். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சினான். "நீங்க போய்ச் சொல்லுங்கோ. லீவெண்டுதான் கேட்டனான், இவை பிழையா விளங்கிட்டினம் எண்டு சொல்லுங்கோ. எல்லாம் அடங்கியிடும்."

அடங்கும். உண்மைதான். தையல்கடை அம்மையாரே மறுத்துவிட்டார் என்றால் நம்புராஜனின் மனுவுக்கு முதுகெலும்பு போய்விடும். கீழத்தெருவில் பாதிப் பேர் வெட்கப்பட்டுக் கலைந்துபோவார்கள். வண்டி கிளம்ப வேண்டிய அவசியமே இருக்காது. செந்தாமரை உப்புத் தொட்டியிலேயே நிற்பாள். அவள் புருசன் அந்த வார்த்தையை இனி மெதுவாகக்கூடச் சொல்லிப் பார்க்க மாட்டான்.

ஒரு தட்டில் தான் பெற்ற பிள்ளை, இன்னொரு தட்டில் யார் பெற்றதோ. தராசைப் பார்க்கவே பயந்து அவள் எழுந்து நடந்தாள்.

மூன்றே முக்கால். கொட்டகை வாசலில் மினி லாரி உறுமிக்கொண்டிருந்தது. நெற்றியில் மஞ்சள் துணி கட்டிய இருபது பேர் கையில் கடப்பாரையும் இரும்புக் குழாயுமாக நின்றார்கள். நேற்றுவரை அவளிடம் சட்டைக்குப் பட்டன் வைத்துப் போனவர்கள். சசிகரன் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் தார்ப்பாய்க்குள் ஒன்பது பேரும் பிள்ளைகளும் குந்தியிருந்தார்கள். தார்ப்பாய் இடுக்கு வழியாகத் துணி சுற்றிய இரண்டு பாதங்கள் தெரிந்தன.

அவள் அந்தப் பாதங்களைப் பார்க்காமல் தாண்டிப் போனாள்.

"தம்பி, ஒரு கதை. தனியச் சொல்லவேணும்."

சேதுராமன் வாட்ச்சைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, உள்ளே நடந்தார். ஆளில்லாத கொட்டகையில் உப்புத் தொட்டிகள் வரிசையாகக் கிடந்தன. வெளியே பாலத்துப் பக்கமிருந்து விசில் சத்தமும் கூச்சலும் கேட்கத் தொடங்கிவிட்டன.

"தம்பி, நான் அண்டைக்குக் கேட்டது லீவு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "எங்கட ஊரில விடுதலை எண்டா லீவு. பள்ளிக்கூடத்துக்கு விடுறது போல. ரெண்டு நாள் படுத்து எழும்பட்டும் எண்டுதான் கேட்டனான். நீங்க பிழையா விளங்கிட்டியள், ஊரும் பிழையா விளங்கிட்டுது. எல்லாருக்கும் முன்னால சொல்லுறன். கோயில் மைக்கில வேணுமெண்டாலும் சொல்லுறன். வண்டியை நிப்பாட்டுங்கோ. என்ர பிள்ளையை இறக்கி விடுங்கோ."

அவர் அதிர்ந்துபோவார் என்று எதிர்பார்த்தாள். அல்லது இவ்வளவுதானா என்று சிரிப்பார். அல்லது, முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்துவார். மூன்றும் நடக்கவில்லை. சேதுராமன் தொட்டி விளிம்பில் கையை ஊன்றி, களைத்துப்போனவர்போல அவளைப் பார்த்தார். வாசலில் யாரோ "அண்ணே, கெளப்பலாமா?" என்று கேட்டார்கள். கையைக் காட்டி அவர்களை இருக்கச் சொன்னார். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியாதாக்கா? முப்பது வருசமா முகாம் ஆளுகளோட தொழில் பண்றவன், நீங்க கேட்டது லீவுதான்னு அன்னைக்கே வெளங்கிருச்சு. ஆனா ரெண்டு நாள் லீவுன்னு வெளிய போனவ, மூணாம் நாளு எதுக்குக்கா திரும்பி வருவா?"